கொல்லையில் ஒரு கைலி மறைப்பு

சித்தீக் இறந்தபோது கொல்லையில் ஹாலோ பிளாக் கற்கள் பாதி இறக்கிய லோடு போலக் குவிந்து கிடந்தன. குவைத் வேலையை முடித்துக்கொண்டு கூத்தாநல்லூருக்குத் திரும்பியவருக்கு இருந்த ஒரே திட்டம் காய்கறித் தோட்டம். களிமண் தரை; ஐப்பசி மழைக்குக் கணுக்கால் தண்ணீர் நிற்கும். அதனால் கல் அடுக்கி மேட்டுப்பாத்தி கட்ட வேண்டும் என்றார். ஆடியிலேயே தென்னை மரத்தடியில் இலைதழை, சாணி, அடுப்படிக் கழிவு எல்லாவற்றையும் குவித்துச் சாக்கால் மூடிவைத்தார். புரட்டாசியில் முதல் பாத்திக்கு ஒரு வரிசைக் கல்லை வைத்துவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்று உள்ளே வந்தார். திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவர் மனைவி ஹபீபுன்னிசா அழவில்லை. வந்தவர்கள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இத்தா இருந்தாள். நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டுப் போகக்கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. துணைக்கு மருமகள் அஃப்ரீனை விட்டுவிட்டு மகன் ஜாஃபர் சாதிக் சென்னைக்குத் திரும்பினான்.

“இத்தா முடிஞ்ச மறுநாள் வண்டியோட வர்றேம்மா. வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடுங்க. தனியா இங்க என்ன பண்ணுவீங்க?”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் அஃப்ரீன் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். “மாமி, மாமா வச்ச குப்பை நாறுது. யாரையாவது விட்டு அள்ளிப் போடச் சொல்லவா?”

ஹபீபுன்னிசா கொல்லைக்குப் போய்ச் சாக்கை விலக்கிக் கையை உள்ளே விட்டாள். காய்ச்சல்காரர் உடம்பு போலச் சுட்டது. கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நின்றாள். பிறகு, “ஈரம் ஜாஸ்தி. சருகு போட்டுக் கிளறணும்” என்றாள். சித்தீக் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அது. வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கிளறினாள். மறுநாள் அவர் வைத்த வரிசையின் மேல் இரண்டாவது வரிசையை வைத்தாள்.

கிழக்குப் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து, ஹபீபுன்னிசாவை அக்கா முறை வைத்துக் கூப்பிடும் ஷமீரா எட்டிப் பார்த்தாள். “என்ன லாத்தா, இத்தாவுல கொத்தனார் வேலையா? எங்க வூட்டுக்காரரு துணி காயப்போட மேல வருவாரு, பாத்துக்குங்க.”

“உங்க வூட்டுல துணி காயப்போடுறது அவங்கதானா? அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் அஃப்ரீன்.

ஆனாலும் மறைக்கத்தான் வேண்டியிருந்தது. கிழக்குச் சுவர் நெடுக உயரமாகக் கம்பி கட்டி, சித்தீக்கின் கைலிகளைப் பிரித்து ஒட்டு ஒட்டாகத் தொங்கவிட்டார்கள். அந்த மறைப்புக்குள் நாலு பாத்திகள் எழுந்தன. அடியில் தேங்காய் மட்டை, அதன்மேல் வைக்கோல், எரு, மண்.

மண்ணும் எருவும் நன்னிலத்திலிருந்து டெம்போவில் வந்தன. ஓட்டிவந்த துரைராசு கொல்லைக் கதவுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார். “அம்மா உள்ள போயாச்சாங்க? நான் வரலாமா? இருந்திருந்தா பாய் இந்த எருவைக் கையில அள்ளிப் பாத்துட்டு, மக்கலன்னு திருப்பி விட்டிருப்பாரு.”

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஹபீபுன்னிசாவின் பதில் வந்தது. “மக்கலதான். அடுத்த லோடு மக்குனதா கொண்டாங்க.”

“சரிங்கம்மா” என்றார் துரைராசு.

மழைக்குக் கொல்லையில் தண்ணீர் நின்றபோது பாத்திகள் மட்டும் வெளியே தெரிந்தன. மார்கழியில் மட்கிய குப்பையைச் சலித்துப் போட்டு, கத்தரி, வெண்டை, கொத்தவரை விதைத்தாள். முளைத்தன. ஆனால் நூல் போல நீண்டு, வெளுத்து, மேற்குப் பக்கமாகச் சாய்ந்தன. அஃப்ரீன் இன்னும் இரண்டு கூடை உரம் போட்டாள். பயனில்லை. படம் எடுத்து ஜாஃபருக்கு அனுப்பினாள். “எதுக்கு இதெல்லாம்? இங்க வரப்போறவங்கதானே” என்று பதில் வந்தது. அஃப்ரீன் அதை வாய்விட்டுப் படித்தாள். மாமி களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு காலையில் ஹபீபுன்னிசா பாத்தியோரம் உட்கார்ந்திருந்தாள். கைலி ஒன்றில் கிழிசல் இருந்தது. அதன் வழியாக வந்த வெயில் ஒரு கத்தரிச் செடியின் மேல் விழுந்தது. அந்த ஒரு செடி மட்டும் குட்டையாக, கருநீலத் தண்டோடு நேராக நின்றது. மற்ற செடிகளெல்லாம் கைலி நிழலில் இருந்தன. பிற்பகலில் அந்தப் பக்கம் வீட்டின் நிழல் விழும். இவற்றுக்குக் கிடைக்கக்கூடியது காலை வெயில்தான்.

“அவுத்துடலாமா மாமி?”

“இத்தா முடியட்டும்.”

“முடிஞ்சா மறுநாள் வண்டி வந்துடுமே.”

ஹபீபுன்னிசா அந்தக் கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றினாள். கிழிசலைத் தைக்கவில்லை.

தை மாதம் இத்தா முடிந்தது. மறுநாள் விடிந்ததும் ஜாஃபரின் கார் வந்தது. கூடத்தில் அஃப்ரீன் கட்டிய இரண்டு பைகள் இருந்தன. ஒன்று அவளுடையது, ஒன்று மாமியுடையது. அம்மாவைத் தேடிக்கொண்டு அவன் கொல்லைக்கு வந்தான். அவள் முக்காலியில் ஏறிக் கைலிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“கிளம்பலாமாம்மா? வெயில் ஏறுறதுக்குள்ள கும்பகோணம் தாண்டிடலாம்.”

“இதோட ஒரு மூலையைப் பிடி” என்றாள்.

அவன் பிடித்தான். இருவரும் சேர்ந்து அவன் அத்தா சித்தீக்கின் கைலியை மடித்தார்கள். முதல் பாத்தியில் வெயில் விழுந்தது.

“செடிக்கு ஷமீரா லாத்தாவைத் தண்ணி ஊத்தச் சொல்லலாம்.”

“அவங்க வூட்டுக்காரருதான் ஊத்துவாரு” என்றாள் அஃப்ரீன், வாசற்படியிலிருந்து.

ஹபீபுன்னிசா அடுத்த கைலியைக் கழற்றினாள். “நீங்க போங்க. இது காய்க்கட்டும்.”

“காய்ச்சதும் வந்துடுவீங்களா?”

“அதுக்கப்புறம் பூசணி போடணும்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கோபமோ வருத்தமோ எதுவும் இல்லை. கடையில் உப்பு வாங்கி வரச் சொல்கிற முகம்தான். அதோடு எப்படி வாதாடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மடித்த கைலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அவள் இறங்கி வந்து உட்கார்ந்து, சாய்ந்த தண்டுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்தாள். எத்தனை பிழைக்கும் என்று தெரியாது.

அஃப்ரீன் உள்ளே போனாள். கூடத்திலிருந்த பைகளில் மாமியின் பையை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் அறையில் வைத்தாள்.