வாய்விட்டுப் படித்தவன்

இணையப் பள்ளிக்கு வெர்லின் டாக்கெட் இன்னும் கட்ட வேண்டியது நூற்று நாற்பத்தேழு டாலர் ஐம்பது சென்ட். மிச்சமிருந்தது அமெரிக்க வரலாறு என்கிற ஒரே பாடம். அது தேறினால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் கோழி ஆலையில் எடை போடும் அறைக்கு மாறலாம். அங்கே உட்கார நாற்காலி உண்டு.

இருபது வருஷத்துக்கு மேலாக அவன் உயிர்க்கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருக்கிறான். கோழி மிரளக் கூடாதென்று அந்த அறையை இருட்டாகவே வைத்திருப்பார்கள். புழுதியும் எச்சமும் மூச்சில் ஏறும். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கியே கிடக்கும். ஒரு கையால் மறு கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். இன்னும் ஒரு வருஷம் மாட்டினால் பித்தான் போடக்கூட இந்தக் கை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சர்டிபிகேட்டக் காட்டுய்யா வாத்தியாரே," என்றான் மேஸ்திரி ஹார்க்கி. "இல்லன்னா என் மச்சான் மகனத்தான் உக்கார வெப்பேன். அவனுக்குத் தன் பேரே தப்பில்லாம எழுத வராது. ஆனாலும் பாஸ் பண்ணித் தொலைச்சிட்டானே!"

வெர்லின் எழுத்துக் கூட்டப் பழகியதே நாற்பது வயதில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். ஒவ்வொரு சொல்லையும் வாயால் சொல்லி, அது காதில் விழுந்த பிறகுதான் அவனுக்குப் பொருள் பிடிபடும். வாயை மூடினால் வரி முழுவதும் வெறும் கோடாகிவிடும். நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் பரீட்சையன்று நூலகத்து மடிக்கணினியை இரவல் வாங்கிக்கொண்டு, அங்கேயே வாசலில் நின்ற தன் பிக்கப் வண்டிக்குள் போய் உட்கார்ந்தான். இணையம் அதுவரை எட்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். இனி யாருக்கும் தொந்தரவில்லை. காப்பியடிக்கிறானா என்று கணினியின் கேமரா பார்க்கும் எனப் பள்ளியில் சொல்லியிருந்ததால் தலையை வாரிக்கொண்டான். கேள்விகளை நிதானமாக, வாய்விட்டுப் படித்துப் படித்து விடை போட்டான். முடித்ததும் திரையில் மதிப்பெண் வந்தது. தேறியிருந்தான். அதற்குக் கீழே, சரிபார்த்த பிறகே முடிவு உறுதி என்று ஒரு வரி இருந்தது.

புதன்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பள்ளியிலிருந்து போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல்.

"சார், பரீட்சை பூரா உங்க உதடு அசைஞ்சுக்கிட்டே இருக்கு. மைக்லயும் குரல் கேக்குது. கேள்விய யாருக்கோ படிச்சுக் காட்டியிருக்கீங்கன்னு சரிபார்க்கிற குழுவுல முடிவு பண்ணிட்டாங்க."

"வண்டில நான் மட்டுந்தாம்மா இருந்தேன். எனக்கு நானே படிச்சேன்."

"மனசுக்குள்ள படிக்கலாமே சார்?"

"எனக்கு அப்படிப் படிக்க வராதும்மா."

மறுமுனையில் அவள் கணினி விசைகளைத் தட்டும் சத்தம் வந்தது. "அத முன்னாடியே எழுதிக் குடுத்திருந்தா தனி அனுமதி வாங்கியிருக்கலாம் சார். இப்ப பாடமே ரத்தாயிடுச்சு. இனி அடுத்த வருஷந்தான் சேர முடியும்." பிறகு குரலில் இரக்கம் கூட்டிச் சொன்னாள்: "ஒரு நல்ல விஷயம் சார். பாடம் ரத்தானதால உங்க பாக்கியத் தள்ளுபடி பண்ணிட்டோம். இனிமே நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாம்."

"சரிம்மா," என்றான். "நன்றி" என்றும் அவன் வாயில் வந்துவிட்டது.

அடுப்படியிலிருந்து மனைவி ஒனைடா எட்டிப் பார்த்தாள். "யாருய்யா போன்ல?"

"பள்ளிக்கூடம். மிச்சப் பணம் கட்ட வேண்டாமாம்."

"முழுசுமா? அட, அப்ப இந்த மாசம் டயர் மாத்திரலாம்!" சிரித்தபடி வந்தவள் அவன் தட்டில் கிழங்கு மசியலை வைத்து, அதன் மேல் வழிய வழியக் குழம்பை ஊற்றினாள். "சாப்பிடு. ஆறிப் போவுது."

அவன் முள்கரண்டியை எடுக்கப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை. இரண்டு கைகளையும் மேசைக்கடியில் தொடைமேல் வைத்துக்கொண்டான். குழம்பு மெல்லப் பரவித் தட்டின் விளிம்பு தாண்டி மேசைவிரிப்பில் இறங்கிக்கொண்டிருந்தது.