செக்காயைக் குளிப்பாட்டாத கதை

1

மனித ஆன்மாவைத் தராசில் நிறுத்தி, சொர்க்க வாசலின் முன் அதன் உண்மையான எடையைச் சொல்லப்போகும் கதை இது.

இல்லை. ஆறிக்கொண்டிருந்த ஒரு பேசின் வெந்நீரைப் பற்றிய கதை. எங்கள் ஊர் ருசாப்பேயில் ஒரு சாவு வீட்டில் பார்த்தது. பத்து வருடமாக எழுத வரவில்லை.

2

செக்காய் ஒரு புனிதவதி, அவளுடைய (அடித்துவிட்டேன். புனிதவதி என்றால் சிலை மாதிரி நிற்பாள். இவள் மூக்குப்பொடி போடுவாள், வாயைத் திறந்தால் வசவு.)

ஒருவருக்கு இரண்டாம் தாரமாக இருந்தவள். அதனால் எங்கள் சபையின் மாதர் சங்கம் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை, சங்கத்துச் சிவப்புச் சட்டையும் தரவில்லை. பத்தொன்பது வருடம் கடைசி பெஞ்சு. ஆனால் சங்கத்தில் யார் செத்தாலும் உடலைக் குளிப்பாட்டியது அவள்தான். பதினோரு பேர். மூத்த தாரத்தையும் அவள்தான் குளிப்பாட்டினாள்.

பிறகு நாலு மாதம் படுக்கை. முதுகெல்லாம் புண். செத்துப்போனாள்.

3

சங்கத் தலைவி மாய் சூமாவை அரக்கியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. வந்ததும் அழுதாள்; நிஜமான அழுகை. சங்கத்தார் பதினான்கு பேரும் முழுச் சீருடை: சிவப்புச் சட்டை, கறுப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி.

செக்காயின் மகள் நெட்சாய் பேசினோடு வாசலில் நின்றாள். பெற்ற மகள் தாயைக் குளிப்பாட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"யாராச்சும் உள்ள வாங்க பெரியம்மா. தண்ணி ஆறுது."

"சட்டை போட்டிருக்கோமே மகளே," என்றாள் மாய் சூமா. "இதோட பொணத்தைத் தொடக் கூடாது. விதி."

"கழட்டி வச்சிட்டு வாங்க. எங்கம்மா துணி தர்றேன்."

"உங்கம்மாவுக்கு மரியாதைன்னு போட்டுட்டு வந்தது. கழட்டினா நல்லாவா இருக்கும்?"

"உயிரோட இருந்தப்ப ஒரு பித்தான்கூடக் குடுக்கல. இப்ப பதினாலு சட்டையா?"

யாரோ அவசரமாகப் பாட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

4

முதல் முடிவு: மாய் சூமா பித்தான்களைக் கழற்றுகிறாள். (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை.)

இரண்டாவது: பாதிரியார் வந்து விதியைத் தளர்த்தி... வேண்டாம். குழி தோண்டி முடிந்த பிறகுதான் அவர் வருவார்.

மூன்றாவது: நெட்சாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். தண்ணீர்ச் சத்தம் வெளியே கேட்காதபடி பாட்டு உரக்கிறது. நல்ல பாட்டு. சுருதி விலகவே இல்லை.

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு ஓர் அடிக்குறிப்பு மட்டும் பாக்கி.

* சங்கத்தில் சேராத ஒருவரின் சாவுக்குச் சிவப்புச் சட்டை அணிந்து போகக் கூடாது. விதிப்புத்தகம், ஒன்பதாம் பக்கம். பதினான்கு பேருக்கும் தெரியும். அந்தப் பதினான்கில் ஒரு சட்டைக்கு அன்று காலை இஸ்திரி போட்டது நான்.