நடக்காத தேர்தலில் அர்கிரோவின் ஓட்டு

முந்நூறு திராக்மா. அதை ஸ்டெர்யோஸ் அனெஸ்டிஸுக்குத் தர வேண்டுமா, அனெஸ்டிஸ் ஸ்டெர்யோஸுக்குத் தர வேண்டுமா என்பது ஐம்பது வருஷமாகத் தீராத வழக்கு. இதற்கிடையில் திராக்மா செல்லாக்காசாகிப் போய் யூரோ வந்துவிட்டது. நேற்று சாயந்தரத்தோடு அனெஸ்டிஸும் போய்விட்டார்.

அர்கிரோ அவருடைய சட்டையின் கழுத்துப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திராட்சை மதுவில் நனைத்த பஞ்சால் முகம், கை எல்லாம் துடைத்தாகிவிட்டது. மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு தோளில் தொளதொளவென்று கிடந்தது. கழுத்து மட்டும் வீம்பு பிடித்தது.

"விடும்மா. டை கட்டினா மறைஞ்சிரும்" என்றாள் மாலமா. தெசலோனிகியிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கிய மகள்.

"உனக்கு மறைஞ்சிரும். அவருக்குத் தெரியுமே."

பொத்தான் ஏறியது. அவள் நிமிர்ந்தபோது ஸ்டெர்யோஸ் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தொப்பி, இன்னொரு கையில் மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை. சுவரோரம் நாற்காலிகளில் இருந்த கறுப்பு உடைப் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து, சினேகிதனின் நெஞ்சில் வைத்திருந்த மாதா படத்தைக் குனிந்து முத்தமிட்டார். பிறகு அந்தக் காதோரம் ஏதோ சொன்னார். ஏசினாரா, வேண்டிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

"தங்கச்சி, சித்த அடுப்படிக்கு வா. கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள ஒரு வேலை பாக்கி இருக்கு."

பையில் என்ன இருக்கிறது என்று மாலமாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரில் யாருக்குத்தான் தெரியாது?

"மாமா, இன்னைக்குமா?"

"இன்னைக்கு விட்டா என்னைக்கும்மா? மே மாசம் வரைக்கும் இவன் படுத்துக் காத்திருப்பானா?"

அறுபத்தேழாம் வருஷம் மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை தேர்தல் நடக்க இருந்தது. அனெஸ்டிஸ் மையக் கட்சி, ஸ்டெர்யோஸ் வலது கட்சி. இரண்டு பேரும் ஒரே கொட்டகையில் புகையிலை கட்டி, ஒரே கிளாசில் சாராயம் குடித்தவர்கள். நம்ம ஊர் ஓட்டு யாருக்கு என்று காப்பிக்கடையில் முந்நூறு திராக்மா பந்தயம் கட்டினார்கள். மூன்று நாள் கூலி. ஏப்ரலில் ஒரு காலையில் ரேடியோவைத் திருகினால் ராணுவ பேண்டு வாத்தியம். டாங்கிகள் ஏதென்ஸில் நிற்கின்றன, தேர்தல் கிடையாது, மூன்று பேருக்கு மேல் கூடி நிற்கக்கூடாது. பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த ஓட்டுப் பெட்டியைப் போலீஸ்காரன் தூக்கிப் போய்க் கோழிக்குஞ்சு வளர்த்தான்.

தேர்தல் போனாலும் பந்தயம் போகவில்லை. ஏழு வருஷம் கழித்து ராணுவ ஆட்சி ஒழிந்தபோது, இரண்டு பேரும் காப்பிக்கடை மேசையில் ஒரு செம்புக் கிண்ணத்தை வைத்து அந்தத் தேர்தலை நடத்தினார்கள். மையத்துக்கு மொச்சை, வலதுக்குக் கொண்டைக்கடலை. மேலத்தெரு முதல் வீட்டிலிருந்து, அறுபத்தேழில் அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், அவர்கள் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவராக அலசி, ஒத்துக்கொண்ட பிறகுதான் கிண்ணத்தில் போடுவார்கள். வருஷா வருஷம் மே கடைசி ஞாயிறு. ஒரு பகல் முழுக்க ஓடும். ஜெர்மனிக்குப் பிழைக்கப் போனவர்கள் லீவை அதற்கேற்பப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

"கசாப்புக்கடை மித்ரோஸ், கடலை" என்பார் ஸ்டெர்யோஸ்.

"மித்ரோஸ் அந்த வருஷம் ஜனவரி மாசமே செத்துட்டான்டா!"

"செத்தா என்ன? செத்தவன் ஓட்டு எப்பவும் உங்க கட்சிக்குத்தான விழும், ஒரு தடவை எங்களுக்கும் விழட்டும்."

கடை கூரை அதிரச் சிரிக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போது அந்தச் சிரிப்பு அர்கிரோவின் காதில் விழும். உள்ளே போக மாட்டாள். பெண்கள் காப்பிக்கடையில் உட்காரும் காலம் இல்லை அது. பிறகு அந்தக் காலம் வந்தது. வந்தும் அவள் போகவில்லை. வேலை கெட்டவர்கள் விளையாட்டு என்று விட்டுவிட்டாள். எண்ணிக்கை முடிந்ததும் ஜெயித்தவர் பேச்சிலேயே ஆட்சி நடத்துவார் என்று மட்டும் தெரியும். அந்த ஆட்சியில், தண்டவாளமே இல்லாத ஊருக்கு ரயில்வே ஸ்டேஷன் வந்திருந்தது. யாராவது தெருவில் சும்மா நின்றால், "என்ன, இன்னைக்கு வண்டி லேட்டா?" என்று கேட்பது ஊர் வழக்காகவே ஆகிப்போனது. இப்போது ஊரில் முப்பது வீட்டில்தான் விளக்கு எரிகிறது. கேட்பதற்கும் ஆள் இல்லை.

அடுப்படியில் ஸ்டெர்யோஸ் கிண்ணத்தை மேசைமேல் வைத்தார். அதில் மொச்சையும் கடலையும் ஏற்கெனவே கலந்து கிடந்தன.

"விடியறதுக்குள்ள நானே எண்ணிட்டேன். அவன் போடற சண்டையையும் நானே போட்டுக்கிட்டேன். சத்தியமாச் சொல்றேன், ஒரு ஓட்டுகூட ஏமாத்தல. ரெண்டும் சமம்."

"அப்ப சமம்னு விட்டுருங்க."

"ஒரு ஓட்டு பாக்கி இருக்குல்ல? உன்னுது."

அர்கிரோ காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. "ஐம்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் எனக்கு ஓட்டு இருக்கறது தெரிஞ்சுதா அண்ணே?"

"உன்னைக் கேக்கலாம்னு வருஷா வருஷம் நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் கேக்க விட்டாத்தான? 'என் பொண்டாட்டி ஓட்டு எனக்குத் தெரியும்'னு மொச்சையை எடுத்துப் போட்டுருவான். அந்த ஒரு மொச்சையிலதான் அவன் ஆட்சி. நான் ஒத்துக்கல, அதனால பணமும் கொடுக்கல."

அறுபத்தேழில் அவளுக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஆறு மாதம். அது அவளுடைய முதல் ஓட்டாக இருந்திருக்கும். அந்த வசந்தத்தில் ஒரு நாள், நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, இதே ஸ்டெர்யோஸ் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஊர் ஓட்டு வலதுக்கு விழுந்தால் அவள் அப்பாவின் புகையிலைக் கடனைத் தள்ளுபடி செய்வதாக வேட்பாளர் சொல்லியிருக்கிறார் என்றார். அனெஸ்டிஸிடம் சொல்லாதே என்றார். அவள் அப்பாவை நினைத்தாள். சரி அண்ணே, போடறேன் என்று வாக்குக் கொடுத்தாள். போட்டிருப்பாள். அதில் அவளுக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

இந்த மனுஷன் அதை மறந்திருப்பாரா? ஐம்பது மே மாதத்தில் ஒரு மே மாதமாவது வாய் திறந்து, "உன் பொண்டாட்டி எனக்கு வாக்குக் கொடுத்தவடா" என்று சொல்லியிருக்கலாம். மொச்சை கடலையாகியிருக்கும். சொல்லவில்லையே.

"இப்ப எதுக்கு அண்ணே இதெல்லாம்? அவரே போயிட்டாரு."

"முடிவு தெரியாமப் புதைச்சா, அவன் ஆட்சியில எல்லாம் அப்பிடியே நட்டாத்துல நிக்குமே தங்கச்சி. ரோடு, ஸ்டேஷன்... போன வருஷம்தான் ஃபோட்டிஸ் பொண்ணுக்குக் கல்யாணம் பேசி..."

நிறுத்திக்கொண்டார். தொப்பியை எடுத்தார், மறுபடி வைத்தார்.

காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது. அர்கிரோ அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"எந்த ஃபோட்டிஸ்?"

அவளுக்குத் தெரிந்த ஃபோட்டிஸ் ஒருவன்தான். முதல் பிள்ளை. ஸ்டெர்யோஸ்தான் ஞானத்தகப்பன், ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தூக்கி எண்ணெய் தடவிப் பெயர் வைத்தவர். அறுபத்தொன்பது பிப்ரவரியில் தொண்டை அடைத்துக்கொண்டது. பதினோரு மாதக் குழந்தை. முழங்காலளவு பனி. டாக்டர் இருக்கும் டவுனுக்குக் கோவேறு கழுதைப் பாதைதான். அனெஸ்டிஸ் பிள்ளையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார். ஓடைத் திருப்பத்திலிருந்தே கழுதையைத் திருப்பிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுத்ததில்லை. எண்பத்து மூன்றில் தார் ரோடு வந்தபோது ஊரே அதில் ஆடியது. அனெஸ்டிஸ் மட்டும் அந்தக் கோடை முழுக்க வயல் வழியாகவே டவுனுக்கு நடந்தார்.

"சொல்லுங்க அண்ணே. எந்த ஃபோட்டிஸ்?"

ஸ்டெர்யோஸ் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மையம் ஜெயிச்சா நம்ம ஊருக்கு ரோடு போடறேன்னு அவங்க ஆளு சொல்லியிருந்தான்ல? அவன் ஆட்சியில அறுபத்தெட்டுலயே ரோடு வந்திருச்சு. மொதல் வருஷம் விளையாடும்போதே சொன்னான்: 'ரோட்டுல ஜீப்பு வந்துது, பிள்ளையை டாக்டர்கிட்ட கொண்டு போனோம், மூணாம் நாள் திரும்பிட்டான்'னு. யாரும் சிரிக்கல. நான்தான், 'சரிடா, அப்ப ஜீப்புக்கு டீசல் காசு யாரு கொடுத்தா'ன்னு கேட்டேன். 'நீதான்டா, ஞானத்தகப்பன்'னான். அப்பறம் வருஷா வருஷம் பிள்ளை வளந்தான்."

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். மாலமா பெண்களுக்குப் பிராந்தி ஊற்றுவது கேட்டது.

"படிப்பு வரல. கணக்குல முட்டை. மூக்கு உன் மூக்கு. எண்பத்தஞ்சுல என் மகளைச் சுத்திச் சுத்தி வந்தான். வலது கட்சிக்காரன் வீட்டுப் பொண்ணை மையத்துக்காரன் வீட்டுக்குக் கொடுக்க மாட்டேன்னு நான் கறாராச் சொல்லிட்டேன். அதுக்கு உம்புருஷன் ரெண்டு நாள் எங்கூடப் பேசல, நெசமாவே. அப்பறம் பையனை ரயில்வேயில சேத்துவிட்டான். நம்ம ஸ்டேஷனுக்கு அவன்தான் மாஸ்டர்."

அர்கிரோ துணியெடுத்து அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். தனக்குத் தெரியாமல் ஒரு பிள்ளையை ஐம்பது வருஷம் காப்பிக்கடையில் வைத்து வளர்த்திருக்கிறார்கள், இரண்டு தடியன்களும் சேர்ந்து. அவள் குழாய்க்குப் போனபோதெல்லாம் அவன் உள்ளேதான் இருந்திருக்கிறான். அனெஸ்டிஸ் ஏன் அவளைக் கேட்க விடவில்லை என்பது இப்போது புரிந்தது. அவருக்கு அந்த வேலியோரப் பேச்சு தெரியாது. ஆனால் பயம் இருந்திருக்கிறது. அவள் வாயிலிருந்து வேறு பதில் வந்துவிட்டால் ரோடு இல்லை, ஜீப்பு இல்லை.

அவளுக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் முதலில் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை.

"பொண்டாட்டி யாரு?" என்றாள்.

"ஆங்?"

"அவனுக்குப் பொண்டாட்டி யாருன்னு கேக்கறேன். உங்க பொண்ணைத்தான் கொடுக்கலையே."

ஸ்டெர்யோஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆலைக்கார எவாகோரஸ் மக. அதான், குடும்பத்தோட ஸ்டுட்கார்ட் போயிட்டாங்களே, அவதான். அவன் ஆட்சியில போகல அவங்க."

"அந்தச் சின்னவளா? அவளுக்கு ரொட்டிக்கு மாவு பிசையத் தெரியாதே."

"அதையும் உம்புருஷன் சொன்னான். எங்கம்மா மாதிரி வராதுன்னு பையன் குறை சொல்றானாம்."

"ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து பொண்ணு பாத்தா இப்படித்தான் ஆகும்" என்றாள் அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தாள். ரோட்டில் அமரர் ஊர்தி வந்து நின்றிருந்தது. டிரைவர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டெர்யோஸ் எழுந்து நின்றார். தொப்பியை நெஞ்சில் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துத் தேர்தல் அதிகாரி மாதிரி குரல் மாறியது.

"அர்கிரோ. அறுபத்தேழு மே மாசம், உன் ஓட்டு யாருக்கு? நெசத்தைச் சொல்லு."

பையில் இரண்டு காகிதப் பொட்டலம் இருந்தது. அவர் இரண்டையும் பிரித்து வைத்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவரும் கண்ணை எடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றவர்கள் இரண்டு பேர்தான். மூன்றாமவர் யாரும் இல்லை.

"எங்க வீட்டுக்காரர் சொன்னது சரிதான்" என்றாள். ஒரு மொச்சையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். செம்பு விளிம்பில் பட்டு ணங் என்றது.

ஸ்டெர்யோஸ் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "தோத்தவன் தோத்தவன்தான்" என்று சொல்லி, கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு முடிச்சுப் போட்ட கைக்குட்டையை எடுத்தார். முடிச்சு இறுக்கமாக இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிந்துகொண்டு வந்த காசு.

"முந்நூறு திராக்மாவுக்கு எண்பத்தெட்டு சென்ட்டு. பேங்க்ல கேட்டுட்டேன். இந்தா, அம்பது, இருபது, இருபது. தொண்ணூறு. ரெண்டு சென்ட்டு போனாப் போகுது, மெழுகுவத்திக்குப் போட்டுக்க."

"அதெல்லாம் வேணாம். கடன் எவ்வளவோ அவ்வளவுதான்."

"அட, ரெண்டு சென்ட்டு தங்கச்சி!"

"இருங்கன்றேன்ல."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். தக்கை, நூல்கண்டு, காலாவதியான மாத்திரை அட்டை, எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத சாவிகள். எல்லாவற்றையும் ஒதுக்கி ஒதுக்கித் தேடினாள். கோயிலில் மணி அடிக்க ஆரம்பித்தது. "அம்மா, பாதிரியார் வந்துட்டார்" என்று மாலமா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். நாற்காலிகள் நகர்ந்தன.

"வரேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்து, மேசையில் கவிழ்த்தாள். ஒரு பழைய திருகாணிக்கு அடியில், பச்சை பிடித்து, ஒரு இரண்டு சென்ட் கிடந்தது. உடுப்பின் ஓரத்தில் அதை அழுத்தித் துடைத்தாள்.

ஸ்டெர்யோஸ் கையை நீட்டினார். அவள் அதை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டார்.