மேகத்துக்கு ஒரு பிராசஸர்

நான் வேலை பார்த்த வானிலை நிலையத்தில் ஒரு கணிப்புகூடத் தவறியதில்லை. இதை யார் முன்னால் வேண்டுமானாலும் சத்தியம் செய்து சொல்வேன். நாளைக் காலை பத்தேகாலுக்குத் தூறல் என்று எங்கள் கணிப்பொறி சொன்னால், பத்தேகாலுக்குத் தூறல் விழுந்திருக்கும். விழுந்திருக்கும் என்று சொல்லக் காரணம், ஒரு நாள் வானிலையைக் கணக்கிட்டு முடிக்க அது நாற்பது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். நாளைய மழையை நாளை மறுநாள் துல்லியமாகச் சொல்லிவிடுவோம். பொதுமக்கள் துல்லியத்தைப் பாராட்டாமல் தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

பொதுமக்களைச் சமாளித்துவிடலாம். வீட்டைத்தான் சமாளிக்க முடியவில்லை. நிலையத்துக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், என் மனைவி சலவை நிலையம் நடத்தினாள். கீழே மூன்று துவைக்கும் இயந்திரங்கள், மொட்டை மாடியில் பதினாறு கொடிகள். விடுதிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் அங்கே வெயிலில்தான் காயும். வானத்தை நம்பித் தொழில் செய்கிறவள், வானத்தைக் கணிக்கிறவனைக் கட்டிக்கொண்டும், துணி போடுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஈர விரலைக் காற்றில் நீட்டிப் பார்ப்பாள். மூலையில் இருக்கும் மருந்துக் கடைக்காரரைக் கேட்பாள். என்னைக் கேட்க மாட்டாள்.

கேட்பது அவள் தங்கை. கடையில் இஸ்திரி அவள் பொறுப்பு. தினமும் காலையில் நான் சாலையைக் கடக்கும்போது மாடியிலிருந்து கூப்பிடுவாள்.

"அத்தான், நேத்து மழை பெய்யுமா?"

"பெய்யும்" என்பேன். பெய்திருக்கும்.

இப்படி இருக்கையில் எங்கள் துறைத் தலைவர் ஒரு கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப் போனார். திறந்தவெளி. அவர் கல்லைத் தொட்ட நிமிடம் கொட்டித் தீர்த்துவிட்டது. இரண்டு நாள் கழித்து எங்கள் அறிக்கை அவர் மேசைக்குப் போனது: பதினொன்று ஐந்துக்குக் கனமழை. நிமிடம் பிசகவில்லை. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தும்மிக்கொண்டே எங்கள் நிலைய அதிகாரியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நிலைய அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் குடை. வானிலை நிலையத்தின் அதிகாரியே வருடம் முழுக்கக் கையில் குடையோடு வேலைக்கு வருவார். அதை ஊரே பார்க்கும்.

துறைத் தலைவர் அவரிடம் ஒரு படிவத்தை நீட்டினாராம். "உலகத்துலயே யாருகிட்டயும் இல்லாத ஒரு கம்ப்யூட்டர் வேணும். என்னென்ன வேணும்னு மட்டும் எழுதுங்க. எவ்வளவு ஆகும்னு எழுதாதீங்க. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு." படிவத்தில் 'செலவு உச்சவரம்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டிருந்தார்.

ஒரு மேசை விசிறிக்காக மூன்று வருடம் மனுப் போட்டவர்கள் நாங்கள். முதல் நாள் எங்களுக்குக் கை எழவில்லை. குடை, நான், எங்கள் எலக்ட்ரீஷியன் மூவரும் உட்கார்ந்து சாயங்காலம் வரை யோசித்து, ஒரு மேசை விசிறி என்று எழுதினோம்.

"ரெண்டாப் போட்டா கோவிச்சுக்குவாரோ?" என்றார் குடை.

எலக்ட்ரீஷியன் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். "சார், கோடு அடிச்சிருக்காரு சார். சிவப்புல."

அந்தக் கோட்டை மூவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது. வந்தது போகவேயில்லை.

"பிராசஸர் எத்தனை போடலாம்?"

"நாப்பது?" என்றேன்.

"பிச்சைக்காரத்தனமா இருக்கே. மேகம் எத்தனை இருக்கு?"

எலக்ட்ரீஷியன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "நிறைய இருக்கு சார்."

"மேகத்துக்கு ஒண்ணு வீதம் போடுங்க."

"காத்துக்கு?"

"காத்துக்குத் தனியா."

அன்று வானம் ஓரளவு தெளிவாக இருந்ததால் நாலாயிரத்துச் சொச்சத்தோடு நின்றது. நினைவகம் எவ்வளவு என்ற கேள்வி வந்தபோது, என் மனைவிக்கு இருப்பதில் பாதி போதும் என்று எழுதினேன். அந்த அளவில் யாரும் தயாரிப்பதில்லை என்று கம்பெனிக்காரர்கள் வருத்தம் தெரிவித்துப் பதில் போட்டார்கள். இருப்பதிலேயே பெரியதை அனுப்பச் சொன்னோம். நீல விளக்கு எரியாவிட்டால் வேகம் வராது என்று எலக்ட்ரீஷியன் அடம்பிடித்தார், அதனால் இரண்டாயிரம் நீல விளக்குகள். பொத்தானை அழுத்துகிறவன் அலுத்துவிடக் கூடாது என்பதால் எனக்குச் சாய்ந்து சுழலும் தோல் நாற்காலி. எல்லாம் வந்து இறங்கியபோது அறை போதவில்லை. மூன்று சுவர்களை இடித்தோம். நான்காவதை விட்டுவைத்தோம், நாட்காட்டி மாட்ட வேண்டுமே.

"இவ்வளவும் ஓடினா சூடு எங்க சார் போகும்?" என்றார் எலக்ட்ரீஷியன்.

அதற்கும் கோடு அடித்திருந்ததால் பிரச்சினையில்லை. இயந்திரத்தின் முதுகில் ஆள் உயர விசிறிகள் வைத்து, வெப்பக் காற்றை உறிஞ்சிக் கூரைக்கு மேலே தள்ள ஆலைகளில் இருப்பது போல ஒரு புகைபோக்கி கட்டினோம்.

கணக்குக்கு வேண்டிய விவரங்களைத் திரட்டியது நான். கடல், மலை, காடு, ஏரி, எதையும் விடவில்லை. தெருமுனைத் தேநீர்க் கடையில் ஒரு நாளைக்கு எத்தனை கெட்டில் கொதிக்கிறது என்பதைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் என்னை வரி வசூலிக்க வந்தவன் என்று நினைத்துப் பாதிதான் சொன்னார். அதையும் ஊகித்து இரண்டால் பெருக்கினேன்.

ஓட்டிப் பார்க்க நாள் குறித்தோம். அதே நாளில்தான் என் மனைவிக்கும் பெரிய வேலை. அரசு மருத்துவமனை புதிதாக ஒரு பிரிவு திறந்தது. முந்நூறு விரிப்பு, முந்நூறு உறை. மாலை ஐந்து மணிக்கு வண்டி வரும். காய்ந்து மடித்துக் கொடுத்தால் வருடம் முழுக்க அவர்கள் துணி அவளுக்கு. ஈரம் இருந்தால், உலர்த்தும் இயந்திரம் வைத்திருக்கும் பெரிய சலவைக்காரருக்குப் போய்விடும். அவள் மழைக்குப் பயந்து, அடுத்த தெருவில் விசிறிகளோடு ஒரு கிடங்கைப் பேசி வைத்திருந்தாள்.

"கிடங்கு எதுக்கு? மிஷின் சொல்லும். மழை இல்லைன்னா தைரியமா மாடியில போடு" என்றேன்.

அவள் உறைகளை எண்ணிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "உங்க மிஷின் எப்ப சொல்லும்? வண்டி வந்துட்டுப் போனதுக்கு அப்புறமா?"

"இது புது மிஷின். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சொல்லிடும்."

"நிஜமாவா?"

"என் தலைமேல அடிச்சு..."

"உங்க தலை எனக்கு எதுக்கு? துணி காயணும்." கொஞ்சம் யோசித்தாள். "சரி. ஒரே ஒரு தடவ நம்பறேன். கவுத்துட்டீங்கன்னா, அப்புறம் இந்த ஜென்மத்துல வானம்ங்கற பேச்சை என் முன்னாடி எடுக்கக் கூடாது."

"அய்யோ அக்கா" என்றாள் தங்கை, "அப்புறம் அத்தான் ஆபீஸ்ல என்ன வேலை பாக்கறேன்னு சொல்லுவாரு?"

மறுநாள் காலை எட்டு மணி. நாற்காலியில் சாய்ந்து பொத்தானை அழுத்தினேன். விரலை எடுப்பதற்குள் பத்து நாள் வானிலை முடிந்துவிட்டது. சற்று மெதுவாக எடுத்திருந்தால் நான் ஓய்வு பெறும் நாள் வரைக்கும் சொல்லியிருக்கும். இன்றைக்கு: ஒரு சொட்டு மழை இல்லை. சாலையைத் தாண்டி ஓடிப் போய்ச் சொன்னேன். அவள் கிடங்குக்காரரை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பதினாறு கொடிகளிலும் வெள்ளை வெளேரென்று விரித்தாள். அவ்வளவு செலவு செய்து வாங்கியதைச் சும்மா வைப்பானேன் என்று குடை, இயந்திரத்தை அடுத்த நூறு வருடக் கணக்குக்கு முடுக்கிவிட்டார். இரண்டாயிரம் நீல விளக்குகளும் எரிந்தன.

பதினொரு மணிக்கு மழை பெய்தது.

சாதாரண மழையாக இருந்தால் நான் மறந்திருப்பேன். எங்கள் நிலையத்தின் தலைக்கு மேலே, அளந்து வெட்டியது போல ஒரு மேகம். அதன் ஓரம் நேர்கோடாகத் தெரிந்தது. எங்கள் கூரையிலும் சலவை நிலைய மாடியிலும் குடம் குடமாக ஊற்றியது. மருந்துக் கடைக்காரர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடை வாசலில் நின்று எங்கள் மழையை வேடிக்கை பார்த்தார்.

அக்காவும் தங்கையும் நனைந்துகொண்டே விரிப்புகளை வாரிக் கூடைகளில் திணித்தார்கள். நான் ஜன்னலில் நின்றேன். தங்கை சொன்னாள், சாலைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது: "அத்தான், மிஷின் பிரமாதம்! வெயில் எவ்வளவு ஈரமா இருக்கு பாருங்க!"

மறுபடி கணக்குப் போட்டேன். மழை இல்லை என்றது. கண்ணாடிக்கு வெளியே மழை. இன்னும் நுணுக்கமாகப் போட்டேன். மழை இல்லவே இல்லை என்றது. வெளியே இன்னும் வலுத்தது. கூரைக்குப் போன எலக்ட்ரீஷியன் சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்.

"சார், மேகத்துக்கு வால் இருக்கு சார். நம்ம புகைபோக்கியிலேர்ந்துதான் கிளம்புது."

இயந்திரத்தை அணைத்தோம். மழை நின்றது. போட்டோம். பெய்தது. தேநீர்க் கடைக் கெட்டில் வரை எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தவன், அந்தக் கணக்கைப் போடும் இயந்திரத்தின் சூட்டைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

"அவ்வளவுதானே? அதையும் சேத்துடுங்க" என்றார் குடை.

சேர்த்தேன். கணக்கு இரண்டு மடங்கானது. சூடும் இரண்டு மடங்கானது. மேகம் மருந்துக் கடை வரைக்கும் நீண்டது. கடைக்காரர் உள்ளே போய்விட்டார்.

"அப்ப இதோட சூட்டைக் கணக்குப் போட இன்னொரு மிஷின் வாங்கிடலாம்" என்று குடை படிவத்தைத் தேடத் தொடங்கினார்.

அப்போதுதான் என் மனைவி உள்ளே வந்தாள். தோளில் ஒரு நனைந்த விரிப்பு. மணி ஒன்றரை.

"எங்க அது? நான் அதுகிட்ட நேர்லயே பேசிக்கறேன்."

காட்டினேன். நீல விளக்குகளை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் எது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். "கூரைக்கடியில போட்டிருப்பேன், கிடங்குக்காரன் தயாரா இருந்தான், இவரு பேச்சைக் கேட்டு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். முதுகு விசிறிகளின் காற்றில் தோளில் கிடந்த விரிப்பு எழும்பிப் படபடத்தது. அதன் முனையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். இன்னொரு முனையையும் தேய்த்துப் பார்த்தாள்.

"இந்தக் காத்து எங்க போகுது?"

"மேல போகுது."

"மேல யாரு இருக்கா?"

நானும் குடையும் கூரையை அண்ணாந்து பார்த்தோம்.

"இந்தக் குழாயைக் கழட்டுங்க" என்றாள். கோப்பில் கையெழுத்து இல்லாமல் ஒரு பல்புகூட மாற்றாத எலக்ட்ரீஷியன், அவள் சொல்லி முடிக்குமுன் ஸ்பேனரோடு ஏணியில் நின்றார். வெப்பக் காற்று நடைவழிக்குள் பாய்ந்தது. மிச்சமிருந்த கேபிள்களைக் கொடியாகக் கட்டினோம். அவ்வளவு வேகமாகச் செய்தி கடத்தும் கொடியில் உலகத்தில் வேறு யாரும் துணி காயப்போட்டிருக்க மாட்டார்கள். நடைவழி நிறைந்து, கோப்பு அறை நிறைந்து, குடையின் அறைக்குள்ளும் விரிப்புகள் நுழைந்தன.

"இது அரசாங்க இடம்மா" என்றார் குடை.

"ஆஸ்பத்திரியும் அரசாங்கம்தான் சார். கொஞ்சம் நகர்ந்துக்குங்க."

குடை நகர்ந்துகொண்டார்.

நூறு வருடக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு விரிப்பு, போட்டவர் கையை எடுப்பதற்குள் காய்ந்தது. மொடமொடவென்று சுருக்கமில்லாமல் வந்ததால் தங்கைக்கு இஸ்திரி வேலையே இல்லை. என் தோல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "இதுக்குத்தானா அத்தான் படிச்சீங்க? முன்னாடியே சொல்லியிருந்தா நானும் படிச்சிருப்பேனே" என்றாள்.

சூடு முழுவதையும் துணி குடித்துவிட்டதால் புகைபோக்கி வெறுமனே நின்றது. மேகம் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுக் கலைந்து போனது. வெயில் அடித்தது. கணிப்பு பலித்துவிட்டது. நடுவில் பெய்ததை எப்படிப் பதிவு செய்வது என்று குடை கவலையோடு முற்றத்து மழைமானியைப் பார்க்கப் போனார். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு தலையணை உறை மட்டும் செருகியிருந்தது, நன்றாக ஊறிப்போய். யார் செருகியது என்று நான் விசாரிக்கவில்லை. எலக்ட்ரீஷியனும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

குடை அறைக்குத் திரும்பி, விரிப்புகளை விலக்கி மேசையைக் கண்டுபிடித்து, படிவத்தில் குளிர்விப்பு என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி சேர்த்தார்: 'ஈரத்துணி, தினமும், முந்நூறுக்குக் குறையாமல்.' உச்சவரம்பு இல்லாததால் அன்று மாலையே ஒப்புதல் வந்துவிட்டது.

நாலே முக்காலுக்கு மடிப்பதற்கு இருபது விரிப்புகள் பாக்கி இருந்தன. அவள் இரண்டு முனையைப் பிடிக்க, நான் மற்ற இரண்டைப் பிடித்தேன். கிட்டே வருவோம், முனையைக் கொடுப்பேன், விலகுவோம். ஒவ்வொரு தடவை கிட்டே வரும்போதும், மழை இல்லை என்று மிஷின் சொன்னதே, இப்போது பார்த்தாயா, என்று கேட்க வாயெடுத்தேன்.

"பேசாம மடிங்க" என்றாள்.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. மருத்துவமனை ஆள் ஓர் அடுக்கில் கை வைத்துப் பார்த்து, இன்னும் கதகதப்பாக இருக்கிறதே என்று கன்னத்தில் வைத்துக்கொண்டார். ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டி திரும்பும் வரை அவள் வாசலில் நின்றாள். பிறகு தாளைப் பையில் மடித்து வைத்தபடி, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"நாளைக்கு எப்படி? மழை வருமா?"

நான் ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்தேன். அவசரப்படக் கூடாத கேள்வி அது.

"உன்கிட்ட எவ்வளவு துணி இருக்கு?"

"நானூறு வரும்."

"அப்படின்னா வெயில்தான்" என்றேன்.