வலப்பக்கச் சக்கரம்

“கையெழுத்தை வையும், ஏரம்பு. மை காயுது.”

முதலாளி வல்லிபுரத்தார் தன் கார்ச் சாரதிக்கு நீட்டிய கடதாசியில் மூன்றே வரிகள். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கள்ளுக் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதை ஏரம்பு ஒப்புக்கொள்கிறானாம். காரில் ஒரு குறையும் இல்லையாம். பிழை முழுவதும் அவனுடையதாம். எழுதியது வல்லிபுரத்தாரின் சொந்தக் கை.

ஏரம்பு கடதாசியை மடித்துத் திருப்பி நீட்டினான்.

“காயட்டும் ஐயா. நான் குடிக்கேல்லை.”

“ஊரே கண்டது. கார் இந்த வேலிக்கும் அந்த வேலிக்குமாய் ஆடி ஆடி வந்ததாம்.”

“ஆடினது கார். வெறியிலை வந்ததும் அதுதான்.”

வல்லிபுரத்தாருக்கு மூக்கு நுனி சிவந்தது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தில் அவருக்கு மூன்று வத்தைகள், பெரிய மரத் தோணிகள், சரக்கு ஏற்றி ஓடின. கரையில் ஓடியது இந்த ஒரு கார். பத்து வருடப் பழைய சீமைக் கார்தான். ஆனால் கரம்பொன் பக்கத்தில் வாடகைக்கு வேறு கார் கிடையாது. செவ்வாய்க்கிழமை அதில் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த பள்ளிக்கூட ஆசிரியை சறோஜினிதேவிக்குக் கை முறிந்துவிட்டது. வளைவில் ஸ்டியரிங் ஏரம்புவின் கையை உதறித் தள்ள, கார் பனையில் போய் மோதியது. பொலிஸ்காரர் வந்து முதல் வேலையாக ஏரம்புவின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார். சனிக்கிழமை காலை யாழ்ப்பாணத்திலிருந்து வாகனப் பரிசோதகர் வருகிறார். காரில் குறை இருந்தால் பிழை முதலாளியின் தலையில். குறை இல்லையென்றால் லைசென்ஸ் போகும், வேலை போகும், வழக்கும் வரும். குடிகாரன் என்ற பெயர் மட்டும் நிலைத்து நிற்கும்.

“ரண்டு மாசத்துக்கு முன்னமே முன்பக்கம் ஆடுது எண்டு சொன்னனான்” என்றான் ஏரம்பு. “ஆடாட்டில் அது வத்தையோ எண்டு சிரிச்சனீங்கள்.”

“என்ரை காரிலை குறையோ? வருசாவருசம் வத்தையளைக் கரையிலை இழுத்துக் கலப்பத்துப் பாக்கேக்கை காருக்கும் சேர்த்துப் பாக்கிறன்! உப்புக்காத்து ஒரு பொட்டு ஓட்டைக்குள்ளை பூந்திருக்கோ? போ. போய்ப் பார். ஒரு குறை காட்டு பாப்பம்!”

கோபத்தில் ‘நீர்’ போய் ‘நீ’ வந்துவிட்டது. ஏரம்பு அதைக் கவனிக்கவில்லை. ‘போய்ப் பார்’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. அது போதும்.

அடுத்த அரைமணி நேரத்தில் அவன் கார்க் கொட்டிலுக்குள் இருந்தான். கூடவே அவன் மனைவி அன்னபூரணம்.

“நான் என்னத்துக்கு?”

“பிறேக் மிதிக்க. ஏறி இருமன்.”

“முன் சீற்றிலையோ? ஆரும் பாத்தால்?”

“குடிகாரன்ரை பெண்சாதி எண்டு பாக்கிறதிலும் பார்க்க இது நல்லது.”

அன்னபூரணம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஏரம்பு முன் அச்சின் கீழ் ஜாக்கியைக் கொடுத்து இரண்டு முன் சக்கரங்களையும் நிலத்திலிருந்து கிளப்பினான். முதலில் வில்தகடுகளைப் பார்த்தான். ஒன்றும் முறியவில்லை. வில்லைச் சட்டத்தோடு கோக்கும் சங்கிலித் துண்டுகளைக் கம்பியால் நெம்பினான். அசையவில்லை. ஸ்டியரிங் தண்டின் முட்டுகளைப் பிடித்துத் திருகினான். கொஞ்சம் தேய்மானம், காரைப் பனையில் மோத வைக்கும் அளவுக்கு இல்லை. பிறகு இடப்பக்கச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து, மேலே தள்ளிக் கீழே இழுத்தான்.

தொக். தொக்.

“என்ன சத்தமப்பா அது?” என்றாள் உள்ளேயிருந்து அன்னபூரணம்.

“கடதாசி எழுதினவரைக் கேட்கவேண்டிய சத்தம். பிறேக்கை மிதியும். விடாதையும்.”

இந்த ஆட்டம் இரண்டு இடங்களில் இருந்து வரலாம். சக்கரத்தின் பெயரிங் தேய்ந்திருக்கலாம். அல்லது சக்கரத்தை அச்சோடு கோத்து, திரும்ப விடுகிற கிங்பின் தேய்ந்திருக்கலாம். பிறேக்கை மிதித்தால் பெயரிங் இறுகிக்கொள்ளும். அந்த ஆட்டம் நின்றுவிடும். கிங்பின்னுக்குப் பிறேக்கைப் பற்றிய கவலையே இல்லை.

“மிதிக்கிறீரோ?”

“என்ரை முழுப் பலத்தாலையும்!”

தொக். தொக். தொக்.

வலப்பக்கம் போனான். அங்கேயும் அதே பாட்டு.

ஏரம்பு மண்ணில் மல்லாந்து படுத்து அச்சுக்குக் கீழே தலையைக் கொடுத்தான். கிங்பின்னுக்குக் கிறீஸ் அடிக்கிற சின்னக் குழாய்முனை இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கட்டி. சேறு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். கீழே கை வைக்கக் கூடாது, அது என் ஆட்களின் வேலை என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். இப்போது கத்தி நுனியால் ஒரு துண்டைச் சுரண்டி முகர்ந்தான்.

சுறா எண்ணெய். அதில் காய்ச்சிய குங்கிலியம். உள்ளே பஞ்சு.

படுத்தபடியே ஏரம்பு சிரித்தான். வத்தையில் பலகைக்கும் பலகைக்கும் இடையே தண்ணீர் புகாமல் அடைக்கிற அதே கலப்பத்து! ஓட்டையைக் கண்டால் அடைக்கவேண்டும் என்பது மூன்று தலைமுறை வத்தைக்காரரின் புத்தி. கிறீஸ் போகிற ஓட்டையையும் அடைத்துவிட்டார்கள். எத்தனையோ வருடமாக ஒரு சொட்டு எண்ணெய் காணாமல் இரும்பை இரும்பே தின்றிருக்கிறது.

வல்லிபுரத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர் தாமே இடப்பக்கச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். அந்தக் கட்டியைத் தடவிப் பார்த்தார். முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல வடிந்தது.

பிறகு குரல் தேனாக வந்தது.

“ஏரம்பு, நீர் கெட்டிக்காரன். நாளைக்கே பட்டினத்திலை இருந்து புதுச் சாமான் எடுப்பிக்கிறன். வெள்ளிக்கிழமைக்குள்ளை பூட்டிப்போடும்.”

“சனிக்கிழமைக்கு முன்னமோ, ஐயா?”

“பரிசோதகர் வரேக்கை கார் கல்லுமாதிரி இருக்கவேணும். விளங்குதோ? நீர் பூட்டாட்டில் பட்டினத்து ஆளைக் கூப்பிட்டுப் பூட்டுவிப்பன்.”

விளங்காமல் என்ன? கார் திருத்தப்பட்டால் சாட்சி செத்துப்போகும். காரில் குறை இல்லை, றைவரில்தான் குறை. தன் கையாலேயே தன் கழுத்துக்குச் சுருக்குப் போடச் சொல்கிறார் மனிதர். மாட்டேன் என்றால் இன்னொருவன் வந்து போட்டுவிட்டுப் போவான்.

“சரி ஐயா” என்றான் ஏரம்பு. “நானே பூட்டுறன்.”

வெள்ளிக்கிழமை காலை பட்டினத்திலிருந்து வரும் மோட்டார் லோஞ்சில் பார்சல் வந்தது. வல்லிபுரத்தார் கொட்டில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். அவர் கண்முன்னே ஏரம்பு இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினான். கிங்பின்னை இறுக்கிப் பிடித்திருந்த பூட்டாணியைத் தட்டி எடுத்தான். பித்தளைக் கம்பியை வைத்துச் சம்மட்டியால் அடிக்க, கிங்பின் துருவைக் கக்கிக்கொண்டு வெளியே வந்தது. நடுவில் கடித்துத் துப்பிய கரும்பு போல இருந்தது. அதைச் சுற்றியிருந்த பழைய புஷ் வளையங்கள் இரண்டையும் தட்டிக் கழற்றி, புதியவற்றை இறக்கி, புதுக் கிங்பின் சரியாகப் புகும்வரை உள்வாயைச் சுரண்டினான். பொறுமையான வேலை. மத்தியானம் ஆனதும் வல்லிபுரத்தார் கொட்டாவி விட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிட்டவர் படுத்தும் விட்டார்.

அவர் எழுந்து வந்தபோது நாலு சக்கரமும் நிலத்தில் நின்றன. ஏரம்பு கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கழட்டின இரும்பெல்லாம் எங்கை?”

“கழட்டினது இவ்வளவும்தான் ஐயா.” ஒரு பின், இரண்டு புஷ்.

வத்தையில் எத்தனை ஆணி என்று அவருக்குத் தெரியும். காரில் எத்தனை பின் என்று தெரியாது. மூன்றையும் வாங்கிக் கொல்லைப்புறப் பாழ்ங்கிணற்றுக்குள் எறிந்தார். தொபுக்கென்று சத்தம் கேட்டது. திருப்தியாக வந்து, இடப்பக்கச் சக்கரத்தைக் கிளப்பச் சொல்லி ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் வைத்து அன்னபூரணம் வெடித்தாள்.

“உங்களுக்கென்ன விசரோ? இருந்த ஒரு சாட்சியையும் தூக்கி அந்தாளின்ரை கையிலை குடுத்துப்போட்டு வாறியள்!”

“ஒரு காருக்கு முன்னுக்கு எத்தினை சக்கரம் அன்னபூரணம்?”

“ரண்டு. இதென்ன கேள்வி…” அவள் நடு ஒழுங்கையில் நின்றுவிட்டாள். சோறு கொண்டுவந்த தன் ஓலைக் கடகத்துக்குள் கணவன் வைத்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே, சோடியாக வந்த சாமானில் மிச்சமான இன்னொரு பின்னும் இரண்டு புஷ்ஷும், காகிதம்கூடப் பிரிக்காமல். “ஐயோ, கள்ளன்!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்குப் பரிசோதகர் வந்தார். மெலிந்த மனிதர், காக்கிக் காற்சட்டை, மூக்குக் கண்ணாடி. பின்னாலேயே வேலிப் படலை வரைக்கும் சனம் வந்துவிட்டது. குடிகாரனுக்கு என்ன தீர்ப்பு என்று பார்க்கத்தான்.

“இஞ்சாலை வாங்கோ ஐயா” என்று வல்லிபுரத்தார் அவரை நேரே இடப்பக்கம் கூட்டிப்போனார். “ஆட்டிப் பாருங்கோ. கல்லு!”

பரிசோதகர் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றி ஆட்டினார். கல்தான். குனிந்து முகர்ந்தார்.

“புதுக் கிறீஸ் மணக்குதே?”

“நான் காரை அப்பிடி வைச்சிருக்கிறனான்.”

“ஐயா” என்றான் ஏரம்பு, “மற்றப் பக்கத்தையும் ஒருக்கா ஆட்டிப் பாருங்கோ.”

“ஓம், அதையும் பாருங்கோ!” என்றார் வல்லிபுரத்தார் பெருமையாக.

பரிசோதகர் வலப்பக்கத்தையும் ஜாக்கியில் ஏற்றினார். சக்கரத்தைப் பிடித்தார்.

தொக். தொக்.

வல்லிபுரத்தாரின் வாய் திறந்தபடியே நின்றது. பரிசோதகர் கண்ணாடியை மேலே தள்ளினார்.

“ஆராவது பிறேக்கை மிதியுங்கோ.”

அவர் சொல்லி முடிக்குமுன் அன்னபூரணம் முன் சீற்றில் இருந்தாள். சேலைத் தலைப்பைக்கூடச் சரிசெய்யவில்லை.

தொக். தொக். தொக்.

“கிங்பின்” என்றார் பரிசோதகர்.

“அது… பனையிலை அடிபட்டதாலை வந்த ஆட்டம்!” வல்லிபுரத்தார் பாய்ந்து முன்னே வந்தார்.

“அடிபட்டால் வளையும். முறியும். தேயாது. கழட்டும் பாப்பம், ஏரம்பு.”

ஏரம்பு சக்கரத்தைக் கழற்றிச் சம்மட்டியால் அடித்தான். கிங்பின் வெளியே வந்தது. தேய்ந்த நடுப்பகுதியைப் பரிசோதகர் விரலால் தடவினார். பிறகு ஏரம்பு கத்தியால் கறுப்புக் கட்டியை நெம்பி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான்.

“இதென்ன?”

“கலப்பத்து ஐயா. கார் கடலிலை தாழாமல் இருக்க.”

படலைப் பக்கம் ஒருவன் பக்கென்று சிரித்தான். சிரிப்பு வேலி நெடுகப் பரவியது. பரிசோதகர் மட்டும் சிரிக்கவில்லை.

“இடப்பக்கத்தை ஆர் திருத்தினது? எப்ப?”

“நான்தான். நேற்று, ஐயாவின்ரை கட்டளை. அதிலை கழட்டின பழசு அந்தப் பாழ்ங்கிணத்துக்குள்ளை. வலப்பக்கத்துச் சாமான் இந்தா, பார்சல் உடைக்கேல்லை.”

அன்னபூரணம் பொட்டலத்தை நீட்டினாள்.

“ஐயா, உள்ளை வாருங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஆறுதலாய்…” என்று வல்லிபுரத்தார் பரிசோதகரின் முழங்கையைத் தொட்டார்.

பரிசோதகர் கையை விடுவித்துக்கொண்டு காரின் பொனற் மூடியில் கடதாசியை வைத்து எழுதினார். எழுதி முடித்து ஒப்பம் வைத்தார். பொலிஸ் கொடுத்தனுப்பியிருந்த ஏரம்புவின் லைசென்ஸைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

“நீர் போகலாம்.”

ஏரம்பு லைசென்ஸை வாங்கி மடியில் செருகினான். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“இங்கிலீசிலை எழுதியிருக்கிறீங்கள் ஐயா. தமிழிலை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ.”

“என்னத்துக்கு?”

“எனக்கெதிரா எழுதின கடதாசி தமிழிலைதான் இருந்தது.”

பரிசோதகர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி வாசித்தார். விபத்துக்குக் காரணம் வாகனத்தின் முன்பக்கக் கோளாறு. பராமரிப்பில் உரிமையாளரின் கவனயீனம். சாரதி மீது குற்றம் எதுவும் காணப்படவில்லை. திருத்தி மறுபடி சோதிக்கும்வரை கார் ஓடக்கூடாது.

வல்லிபுரத்தார் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

“ஏரம்பு” என்றார் மெதுவாக, “அந்தப் பக்கத்தையும் நீரே பூட்டிவிடும்.”

“பூட்டலாம். அவசரமில்லை.” ஏரம்பு படலைப் பக்கம் கையைக் காட்டிப் பரிசோதகரிடம் திரும்பினான். “ஐயா, குறை நினையாதையுங்கோ. பின்னுக்கு நிக்கிற சனத்துக்குக் கேக்கேல்லை.”

பரிசோதகரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. கடதாசியை மறுபடி விரித்தார். காரின் மிதிபலகையில் ஏறி நின்று, முதல் வரியிலிருந்து தொடங்கினார்.