என் முறையில் நின்றுபோன ஜெபம்

என் புருஷன் டோர்லைஃப் பிழைக்க வேண்டும் என்று எங்கள் ஜெபவீட்டில் எல்லாரும் ஜெபித்தார்கள். அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஜெபித்த கையோடு, அவர் சுகமாகிவிட்டதாகவே விசுவாசித்து, முன்கூட்டியே ஒரு நன்றிக் கூட்டமும் போட்டுவிட்டார்கள். கிரீம் கேக், காப்பி, ஸ்தோத்திரம் எல்லாம் ஆயிற்று. மனுஷன் மட்டும் அந்த வாரமே கண்ணை மூடிவிட்டார்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது விளக்கம். ஃபியோர்டுக் கடல்கழிக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஒவ்வொருத்தரிடமும் ஒன்று இருந்தது.

"கர்த்தர் பதில் குடுத்துட்டாரு போர்கில்ட். இல்லங்கறதும் ஒரு பதில்தானே?" என்றார் எங்கள் தலைவர் ஓட்னே. சால்மன் பண்ணை வைத்திருப்பவர். தன் மீன்களுக்குப் பேன் பிடித்தபோது மட்டும் அந்தப் பதிலை அவர் ஏற்கவில்லை. மருந்துப் படகை வரவழைத்தார்.

பக்கத்து வீட்டு சோல்ஃப்ரிட் அவருக்கும் ஒரு படி மேலே. "நல்லவங்களத்தான்டி அவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு."

"அப்ப உனக்கு ஆயுசு கெட்டிடி," என்றேன். அவள் கொண்டுவந்த ஆப்பிள் கேக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எனக்கோ ஜெபமே வரவில்லை. சின்ன வயதிலிருந்து பேசிப் பழகியவரோடு பேச்சு நின்றுபோனது, புருஷன் போனதற்குச் சமமாக வலித்தது. ஒரே நேரத்தில் ரெண்டு பேரைப் பறிகொடுத்தவளாக உட்கார்ந்திருந்தேன். இன்றைக்காவது ஆண்டவரோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்றுதான் வியாழக்கிழமை ஜெப வட்டத்துக்குப் போனேன்.

வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலி வரிசைப்படி ஒவ்வொருவரும் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். விருப்பமில்லாதவர் 'ஆமென்' என்று சொன்னால் போதும், முறை அடுத்தவருக்குப் போய்விடும். சோல்ஃப்ரிட் தன் மூட்டுவலியை ஆண்டவருக்கு எலும்பு எலும்பாக எடுத்துச் சொல்லி முடித்தாள். முறை என்னிடம் வந்தது.

ஜெபமும் வரவில்லை, ஆமென் சொல்லவும் மனசில்லை. சொன்னால் நடந்ததற்கெல்லாம் சம்மதம் என்று ஆகிவிடுமே!

வட்டம் அப்படியே நின்றது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ இருமினார்கள். காப்பியோடு சாப்பிட அடுப்படியில் வைத்திருந்த வாஃபிள் அப்பம் தீயும் வாசனை வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் சோல்ஃப்ரிட்தான். ஆனால் ஒருத்தர் முறை முடியாமல் நடுவில் எழுந்து போவது எங்களுக்குப் பெரிய பாவம்.

"ஆமென் சொல்லித் தொலைடி, கருகுது," என்று முணுமுணுத்தாள்.

"கருகட்டும்!" என்றேன்.

அந்தக் கோபத்தில் வாய் திறந்துகொண்டது.

"ஆண்டவரே, கேட்டேன், நீ தரல. உனக்குக் காது கேக்கும்னு எனக்குத் தெரியும், அதான் இவ்வளவு ஆத்திரம். ஏன்னு நீ சொல்ல வேணாம், சொன்னாலும் எனக்கு ஆறாது. இவங்க சொல்ற காரணம் ஒண்ணுகூட நீ பேசற மாதிரியே இல்ல. அந்த வீட்ல தனியா இருக்க பயமா இருக்கு. வா, வந்து கூட இரு. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அழுதேன். வெட்கமே இல்லாமல், சத்தமாக அழுதேன். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பதில் ஒன்றும் வரவில்லை. பரவாயில்லை என்றிருந்தது.

ஓட்னே கனைத்துக்கொண்டார். "நம்ம சகோதரி என்ன சொல்ல வர்றாங்கன்னா..."

"சும்மா இருங்க ஓட்னே," என்றேன், கண்ணைத் திறக்காமலே. "நான் உங்ககிட்டயா பேசிக்கிட்டிருக்கேன்?"