ஒரே குடும்பத்தின் எச்சில் தட்டுகள்

கூடாரங்களை அடித்து முடித்ததும் தலைமையாசிரியர் ஒரு பாறைமேல் ஏறி நின்றார். "இந்த முகாம்ல சார் கிடையாது, மிஸ் கிடையாது. நாம எல்லாரும் ஒரே குடும்பம்!" நானும் கைதட்டினேன். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மதியம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆசிரியர்கள் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு மரத்தடிக்குப் போனார்கள். பையன்கள் பந்தோடு ஓடிவிட்டார்கள். உடற்பயிற்சி ஆசிரியர் திரும்பிப் பார்த்து, "பொண்ணுங்களா, இதையும் சேர்த்துக் கழுவிடுங்க" என்றார்.

பொண்ணுங்களாம்! காலையில் கூடாரத்துக்கு முளை அடித்து என் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. அப்போது எந்தப் பையனையும் தனியாகக் கூப்பிடவில்லையே? தலைமையாசிரியரின் எச்சில் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக மரத்தடிக்குப் போனேன்.

"பெரியப்பா, உங்க தட்டு."

"என்ன, திமிரா?" என்று சீறினார் உடற்பயிற்சி ஆசிரியர்.

"ஒரே குடும்பம்னு பெரியப்பாதான் சொன்னாரு, சித்தப்பா. உங்க தட்டும் அங்கதான் கிடக்கு."

பின்னால் தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தலைமையாசிரியரின் மனைவிதான் எங்கள் கணக்கு டீச்சர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வீட்டுப் பழக்கத்தில் கை நீட்டித் தட்டை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

தலைமையாசிரியர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். "எங்க வீட்லகூட நான் தட்டு கழுவினதில்லையேம்மா."

எழப்போன டீச்சர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தட்டைக் கணவரின் மடியில் வைத்தார்.

"வீட்ல இருக்கிறதும் குடும்பம்தான்" என்றார்.